ஒரு போதகரின் பொறி

காட்டு வாத்துகள் தப்பிப் பறந்ததால் உலகின் படைக்கலன்கள் மாறின என்றால் நம்புவது கடினம். ஆனால், நடந்தது ஏறத்தாழ அதுதான்.

ஸ்காட்லாந்தின் வடகிழக்கே, அபர்டீன் நகரை அடுத்த கடலோரச் சிற்றூர் பெல்ஹெல்வி. அவ்வூர்த் திருச்சபைப் போதகரின் மகனாக 1768-இல் பிறந்தவர் அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சித். அபர்டீன் கிங்ஸ் கல்லூரியில் பயின்ற அவர், தந்தையின் மறைவுக்குப் பின் 1791-இல் அதே திருச்சபையின் போதகரானார். இறக்கும் வரை, 52 ஆண்டுகள், அவர் அப்பொறுப்பிலேயே இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. வேதியியலும் இயந்திர நுட்பமும் அவருடைய பொழுதுபோக்குகள். நீர்ப்பறவை வேட்டை அவருடைய விருப்பம். துப்பாக்கித் தொழிலை அவர் எவரிடமும் முறையாகக் கற்றவர் அல்லர்.

அன்றைய வேட்டைத் துப்பாக்கிக்குச் சக்கிமுக்கிக் கல்லே உயிர். விசையை இழுத்தால் கல் எஃகுத் தகட்டில் உரசும். அப்பொறி பக்கவாட்டிலுள்ள சிறு கிண்ணத்தில் இட்ட மருந்தில் விழும். அது பற்றி எரிந்து, ஒரு துளை வழியாகக் குழலின் உள்ளிருக்கும் மருந்தை மூட்டும். அதன் பின்னரே ரவை பாயும். இத்தனையும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும் என்பது உண்மையே. ஆயினும், கிண்ணத்தில் எழும் ஒளியையும் புகையையும் கண்டு பறவை விலகிவிட அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. மழை பெய்தாலோ கிண்ணத்து மருந்து நனைந்து துப்பாக்கி வெறும் கழியாகிவிடும்.

முதலில் ஃபோர்சித் செய்தது மிக எளிய வேலை. ஒளி பறவைகளின் கண்ணில் படாதவாறு தம் துப்பாக்கியின் பொறியமைப்புக்கு மேல் ஒரு மூடியைப் பொருத்தினார். அது நோயின் அறிகுறியை மறைத்ததே தவிர, நோயைத் தீர்க்கவில்லை. தாமதம் அப்படியே நீடித்தது.

அக்காலத்தில், தட்டினாலே வெடிக்கும் வேதிப்பொருள்கள் அறிஞர்களின் கவனத்தை ஈர்த்திருந்தன. எட்வர்டு ஹோவர்டு என்னும் ஆங்கிலேய வேதியியலாளர் அத்தகைய பாதரச உப்பு ஒன்றைப் பற்றி 1800-இல் ராயல் சொசைட்டிக்கு எழுதியிருந்தார். குழலில் வழக்கமான மருந்துக்குப் பதிலாக இவற்றை இட முயன்றவர்கள் துப்பாக்கியே சிதறுவதைக் கண்டு கைவிட்டனர். ஃபோர்சித் வேறு வழியில் சிந்தித்தார். ரவையைத் தள்ளும் வேலையைப் பழைய மருந்தே செய்யட்டும்; அதை மூட்டும் வேலையை மட்டும் புதிய பொருள் சிறு அளவில் செய்தால் போதும் என்று முடிவு செய்தார். கல்லும் வேண்டாம், கிண்ணமும் வேண்டாம். ஒரு சுத்தியல் அடி போதும். தீபாவளிக்கு நம் பிள்ளைகள் பொம்மைத் துப்பாக்கியில் வைத்து வெடிக்கும் சுருள் கேப் இதே கோட்பாட்டின் எளிய வடிவம்தான்.

1805-ஆம் ஆண்டளவில், தம் பட்டறையில் தாமே செய்த பொறியமைப்பைத் தம் வேட்டைத் துப்பாக்கியில் பொருத்தி அவர் வெற்றி கண்டார். (இந்தியாவில் இன்று உரிமமின்றி ஒருவர் இவ்வாறு துப்பாக்கியைத் திருத்தினால் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி அது குற்றம்.) புதிய அமைப்பில் வாசனைப் புட்டி போன்ற ஒரு சிறு கலம் இருந்தது. அதைத் திருப்பினால் ஒருமுறைக்குத் தேவையான வெடிபொடி மட்டும் உரிய இடத்தில் விழும். அதனாலேயே அதற்கு வாசனைப் புட்டிப் பொறி என்ற பெயர் வழங்கலாயிற்று.

1806-இல் அவர் அதனுடன் லண்டன் சென்றார. படைக்கலத் துறையின் தலைவராக இருந்த மொய்ரா பிரபு அதன் அருமையை உணர்ந்து, லண்டன் கோபுரத்திலேயே ஆய்வு செய்ய இடம் தந்தார். இந்த மொய்ராதான் பின்னாளில் ஹேஸ்டிங்ஸ் பிரபு என்னும் பெயரில் நம் நாட்டின் கவர்னர் ஜெனரலாகப் பணியாற்றியவர். ஆனால் 1807-இல் ஆட்சி மாறியது. புதிய தலைவரான சாத்தம் பிரபு ஆய்வை நிறுத்தி, ஃபோர்சித் தம் கருவிகளை எடுத்துக்கொண்டு வெளியேறுமாறு பணித்தார். நெப்போலியன் 20,000 பவுண்டு தர முன்வந்ததாகவும், ஃபோர்சித் மறுத்ததாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. அவருடைய பெருமையை நிறுவ அந்தக் கதை தேவையில்லை.

அரசு கைவிட்டபின் அவருக்கு எஞ்சியிருந்தது காப்புரிமை. 1807 ஏப்ரல் 11-இல் அதைப் பெற்றார். விண்ணப்ப வாசகத்தை வகுப்பதில் துணை நின்றவர் நீராவி இயந்திரத்தை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட். பொருளியல் பயின்றவர்களுக்கு இது சுவையான செய்தி. வாட்டின் சொந்தக் காப்புரிமையும் குறிப்பிட்ட கருவியைவிட அதன் அடிப்படைக் கோட்பாட்டையே காத்தது. நாடாளுமன்றத்தின் நீட்டிப்பால் 1800 வரை அது நடப்பில் இருந்தது. ஃபோர்சித்தின் உரிமையும் அவ்வாறே அகலமானது. அடியால் வெடிக்கும் பொருளைக்கொண்டு துப்பாக்கியை மூட்டும் எந்த வழியும் அதன் எல்லைக்குள் வந்தது.

லண்டன் பிக்காடிலியில் அவர் பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் புகழ்பெற்ற ஜேம்ஸ் பர்டி தனிக்கடை வைப்பதற்கு முன் இங்கே பணியாற்றியவர். நாட்டின் முன்னணித் துப்பாக்கித் தொழிலாளரான ஜோசப் மாண்டன் வேறு வடிவில் இதே முறையைக் கையாண்டபோது, ஃபோர்சித் தரப்பு வழக்குத் தொடுத்து வென்றது. இங்கே என் கருத்து ஒன்று. அந்தத் தீர்ப்பு நியாயமானதே. ஆனால் இத்துணை அகலமான உரிமை, பிறர் செய்திருக்கக்கூடிய எளிய திருத்தங்களையும் 14 ஆண்டுகள் தடுத்து நிறுத்தியது என்பதையும் மறுக்க இயலாது. நுண்ணிய வாசனைப் புட்டியைச் செய்யத் தேர்ந்த கைவினைஞர் வேண்டும்; அது செல்வந்தர்களின் வேட்டைத் துப்பாக்கிக்கு ஏற்றது, சாதாரணப் படைவீரனுக்கு அன்று. மலிவான வழியாக வந்தது, வெடிபொருளை உள்ளே கொண்ட சிறு செப்புத் தொப்பி. அதைக் கண்டறிந்தவர் தாமே என்று பலர் உரிமை கோரினர். 1821-இல் ஃபோர்சித்தின் காப்புரிமை முடிந்தபின் தொப்பியே எங்கும் பரவியது. அதனால் அவருக்கு ஒரு காசும் இல்லை.

அரசின் நிலை இதைவிட வியப்புக்குரியது. படைத் துப்பாக்கிக்கு நாட்டில் ஒரே பெரிய கொள்வோர் அரசுதான். அது வாங்க மறுத்தால் கண்டுபிடிப்பாளருக்கு வேறு சந்தை இல்லை. பிரிட்டிஷ் படை சக்கிமுக்கிக் கல்லைக் கைவிடத் தொடங்கியது 1830-களின் இறுதியில்தான். அத்தாமதத்தின் விலையை நம்மவர்களும் கொடுத்தார்கள். முதல் அபினிப் போரின்போது, 1841 மே மாத இறுதியில், சீனத்தின் கான்டன் நகருக்கு வெளியே 37-ஆவது மதராஸ் காலாட்படையின் ஒரு பிரிவு பெருமழையில் படையிலிருந்து பிரிந்து, ஆயிரக்கணக்கான உள்ளூர் மக்களின் முற்றுகையில் சிக்கியது. சிப்பாய்களின் கையில் இருந்தவை கல் துப்பாக்கிகள். மருந்து நனைந்து அவை வெடிக்கவில்லை. துப்பாக்கி முனைக் கத்தியை மட்டும் நம்பி அவர்கள் தாக்குப்பிடித்தார்கள். இறுதியில் அவர்களை மீட்டவர்கள், தொப்பித் துப்பாக்கி ஏந்திய பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள். பெல்ஹெல்விப் போதகர் மழைக்குத் தீர்வு கண்டு அப்போது முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

அடுத்த ஆண்டு அரசு ஃபோர்சித்துக்கு 200 பவுண்டு வழங்கியது. 1843 ஜூன் 11-இல் அவர் மறைந்தார். அதன்பின் மேலும் 1,000 பவுண்டு ஒதுக்கப்பட்டு, அவருடைய உறவினர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில், அவரை வெளியேற்றிய அதே லண்டன் கோபுரத்தில் அவர் நினைவாக ஒரு தகடு பதிக்கப்பட்டது.