சூறாவளியின் வழியைத் தேடிய குரு



வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று தோன்றினால், அது கரையை நெருங்குவதற்கு முன்பே இன்று எங்கள் வீடுகளுக்குச் செய்தி வந்துவிடுகிறது. செய்மதி படம் பிடிக்கிறது, வானொலி அறிவிக்கிறது, மீனவர் வள்ளங்களைக் கரையேற்றுகின்றனர். அறிவித்தல் வந்தும் அதைக் காதிற் போட்டுக்கொள்ளாதவர்களும் எங்களிடையே உண்டு. அது வேறு கதை. செய்மதியும் வானொலியும் இல்லாத ஒரு காலத்தில், கியூபாத் தீவிலே ஒரு கல்லூரியின் கூரையில் நின்று முகில்களைப் பார்த்தே சூறாவளி வரப்போகிறதென்று சொல்லத் துணிந்த ஒரு குருவானவரைப்பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அவர்தான் யேசுசபையைச் சேர்ந்த வண. பிதா பெனிற்றோ வின்யேஸ்.

ஸ்பெயின் தேசத்தின் கற்றலோனியாப் பகுதியிலே பொபொலேடா என்னும் மலையூரில் 1837ஆம் ஆண்டு செப்ரெம்பர் 19ஆம் திகதி அவர் பிறந்தார். 1856இல் யேசுசபையிற் சேர்ந்தார். 1868இல் ஸ்பெயினில் புரட்சி மூண்டு யேசுசபையினர் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டபோது, அவரும் எல்லை கடந்து பிரான்ஸ் சென்று அங்கே குருப்பட்டம் பெற்றார். 1870இல் சபைத் தலைவர்கள் அவரைக் கியூபாவின் தலைநகராகிய ஹவானாவுக்கு அனுப்பினார்கள். அங்கே பெலேன் கல்லூரியில் சபையினர் நடத்தி வந்த வானிலை அவதான நிலையத்தை அவர் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. பெலேன் என்பது வேறொன்றுமல்ல, பெத்லகேம் என்ற பெயருக்கு ஸ்பானியர் வழங்கும் சொல். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று கூட நிறையவில்லை. அதன்பின் சாகும்வரை, இருபத்து மூன்று ஆண்டுகள், அந்நிலையமே அவருடைய பங்கும் பணித்தளமுமாயிற்று.

அவர் போய்ச் சேர்ந்த கடல் எப்படிப்பட்டதென்று முதலில் அறிந்துகொள்ளுங்கள். ஆங்கிலேயர் சூறாவளிக்கு இட்ட பெயரே அத்தீவுகளின் பழங்குடி மக்களிடமிருந்து ஸ்பானியர் வழியாக வந்ததுதான். 1780ஆம் ஆண்டில் பார்படோஸ், மார்ட்டினீக் முதலிய தீவுகளை அடித்த ஒரே சூறாவளியில் 20,000க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அங்குள்ள ஸ்பானியக் கத்தோலிக்கர், எந்தப் புனிதரின் திருநாளில் சூறாவளி வந்ததோ அந்தப் புனிதரின் பெயரையே அதற்கு வைத்து நினைவில் வைத்திருந்தார்கள். 1844இல் ஹவானாவைத் தாக்கியது அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்குவின் பெயரால் வழங்கிற்று. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1846 ஒக்ரோபர் 10ஆம், 11ஆம் திகதிகளில் வந்து துறைமுகத்தில் நின்ற கப்பல்களைச் சிதறடித்து நகரையே பாழாக்கியதற்குப் பெயர் புனித பிரான்சிஸ் போர்ஜியா. யேசுசபையின் மூன்றாவது அதிபராயிருந்தவரின் பெயர் அது! வின்யேஸ் அடிகள் ஹவானாவுக்கு வந்தபோது அந்த இரவை நேரிற் கண்டவர்கள் ஊரில் நிறையப்பேர் இருந்தார்கள்.

அவர் வந்தவுடனே பெரிதாக எதையும் செய்துவிடவில்லை. பழைய ஏடுகளைத் திறந்தார். அந்நிலையத்தில் 1858ஆம் ஆண்டு தொடக்கம் எழுதிவைக்கப்பட்டிருந்த காற்று, அமுக்கம், வெப்பம், மழை பற்றிய குறிப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். சூறாவளி வந்த நாட்களுக்கு முந்திய நாட்களில் பாரமானி என்ன சொல்லிற்று, முகில் எப்படி ஓடிற்று என்று தேடினார். அதோடு தாமும் நாளொன்றுக்குப் பத்துமுறை, விடியற்காலை நான்கு மணி தொடக்கம் இரவு பத்து மணிவரை, கருவிகளையும் வானத்தையும் பார்த்து எழுதி வந்தார். நாளுக்கு நாள், மாதத்துக்கு மாதம், ஆண்டுக்கு ஆண்டு இதே வேலை. நல்ல வெயில் நாளிலும் இதே வேலை. நீங்களோ நானோ இதை ஒரு மாதம் செய்வோமா என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு பார்த்து அவர் கண்டுபிடித்தது என்ன? சூறாவளி என்பது ஒரு நடுவைச் சுற்றிச் சுழலும் காற்று என்பதை அவருக்கு முன்னரே பலர் கண்டிருந்தார்கள். எங்கள் வங்காள விரிகுடாவின் புயல்களை ஆராய்ந்த கல்கத்தாவாசி ஹென்றி பிடிங்ரன்தான் சுழலும் பாம்பை நினைவூட்டும் ஒரு கிரேக்கச் சொல்லிலிருந்து சைக்கிளோன் என்ற பெயரையே உண்டாக்கியவர். பூமத்திய கோட்டுக்கு வடக்கே இக்காற்று மணிக்கூட்டு முள்ளுக்கு எதிராகச் சுழலும். ஆகவே காற்று உங்கள் முதுகில் அடிக்கும்படி நின்றால், புயலின் நடு உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். இது கியூபாவுக்கும் பொருந்தும், மட்டக்களப்புக்கும் பொருந்தும்.

ஆனால் இந்தக் கணக்கிலே ஒரு குறை. காற்று முதுகில் அடிக்கத் தொடங்குமுன்னர் புயல் அண்மித்துவிடும். பின்னர் அறிந்து பயன் என்ன? வின்யேஸ் அடிகள் கண்ணை மேலே உயர்த்தினார். நிலத்தை ஒட்டிய காற்று புயலின் நடுவை நோக்கி உள்ளே சுருண்டு போகிறது; அதற்கு மேலுள்ள முகில்கள் நடுவைச் சுற்றி வட்டமாக ஓடுகின்றன; எல்லாவற்றுக்கும் மேலே, மிக உயரத்திலுள்ள கீற்று முகில்களோ நடுவிலிருந்து வெளியே விரிந்து பரவுகின்றன. உயரத்துக்கு உயரம் காற்றின் திசை மாறும் இந்த ஒழுங்கை அவர் ஒரு விதியாகவே வகுத்தார். இறகுபோன்ற அந்த மெல்லிய வெண்கீற்றுகள் புயலுக்கு வெகுதூரம் முன்னே ஓடிவரும். ஒரு விசிறியின் மடிப்புகள் கைப்பிடியிலே கூடுவதுபோல, அவை அடிவானத்தில் ஓரிடத்திலிருந்து புறப்பட்டு வருவதாகத் தோன்றும். அந்த இடத்துக்கு நேரேதான், கண்ணுக்கெட்டாத தொலைவிலே, புயலின் நடு இருக்கிறது. அந்த இடம் நகராமல் நிற்க, முகில் தடிக்க, பாரமானியும் இறங்கினால் புயல் உங்களை நோக்கியே வருகிறது. அந்த இடம் வடக்கே தெற்கே நகர்ந்தால் அது உங்களை விட்டு விலகிப் போகிறது. ஒரு பாரமானி, இரண்டு கண்கள், நிறையப் பொறுமை, இவைதான் அவருடைய செய்மதி.

1875ஆம் ஆண்டு செப்ரெம்பர் 11ஆம் திகதி ஹவானாப் பத்திரிகையிலே அவருடைய முதலாவது புயல் அறிவித்தல் வெளிவந்தது. கிழக்கே ஒரு சூறாவளி இருப்பதையும் அது எவ்வழி செல்லக்கூடும் என்பதையும் அதிலே சொல்லியிருந்தார். இரண்டு நாளில் அது கியூபாவின் தென்கரையைத் தாக்கிற்று. பின் மெக்சிக்கோ விரிகுடாவைக் கடந்து, 16ஆம் திகதி ரெக்சாஸ் கரையிலிருந்த இந்தியனோலாத் துறைமுகத்தை அடித்து நொறுக்கியது.

ஓர் அறிவித்தலை வெளியிடுவது இலேசான காரியமென்று நினையாதீர்கள். புயல் வருமென்று சொன்னால் கப்பல்கள் துறைமுகத்தில் தங்கும், வியாபாரிக்கு நட்டம், மாலுமிக்கு நாட்கூலி போகும். சொன்ன புயல் வராவிட்டால் ஊர் சிரிக்கும், அடுத்தமுறை சொல்லும்போது ஒருவரும் அசையமாட்டார். சொல்லாமல் விட்டாலோ உயிர்கள் போகும். முழு நிச்சயம் வரும்வரை வாயைத் திறவாமலிருப்பது அறிஞருக்குப் பாதுகாப்பு. ஆனால் முழு நிச்சயம் வரும்போது கூரை பறந்துவிடும். இந்த இக்கட்டின் நடுவே ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். அவருடைய அறிவைவிட இந்தத் துணிவுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மறு ஆண்டு, 1876 செப்ரெம்பர் 13ஆம் திகதி, போர்ட்டோ ரிக்கோத் தீவைப் புனித பிலிப்பு என்று பெயர்பெற்ற சூறாவளி தாக்கிற்று. (1928இல் அதே திகதியில் வேறொன்று வந்தபடியால், இதை முதலாம் புனித பிலிப்பு என்று சொல்வார்கள்.) ஒக்ரோபரில் கியூபாவே அடிபட்டது. புயல் ஓய்ந்ததும் அவர் அறைக்குள்ளே இருந்து எழுதவில்லை. அடிபட்ட ஊர்களுக்குத் தாமே பயணஞ்செய்தார். மரங்கள் எந்தத் திசையாக விழுந்து கிடக்கின்றன, எந்தச் சுவர் சாய்ந்தது, காற்று எந்நேரம் திரும்பியது என்று பார்த்தும் கேட்டும் குறித்தார். விழுந்த மரம் பொய் சொல்லாது அல்லவா! இவ்விரு ஆண்டுகளின் சூறாவளிகளைப்பற்றி அவர் எழுதிய நூல் 1877இல் அச்சாயிற்று. அதைக் கப்பலோட்டிகள் விரும்பிப் படித்தார்கள்.

தனியொருவர் ஒரு கூரையில் நின்று முழுக் கடலையும் காவல் செய்ய முடியாது. இதை அவர் நன்றாக அறிந்திருந்தார். கிழக்கேயுள்ள தீவுகளில் இன்று காணும் அறிகுறி நாளை மறுநாள் ஹவானாவுக்கு வரப்போவதன் செய்தி. ஆகவே தீவுதோறும் பார்த்து எழுதுவோரைச் சேர்த்தார். கடலடித் தந்திக் கம்பிகள் அப்போதுதான் அத்தீவுகளை இணைத்திருந்தன. தந்திக் கம்பனிகளும் கப்பற் கம்பனிகளும் வணிகர் சங்கத்தாரும் அவருக்குத் துணைநின்றார்கள். அவருடைய செய்திகளுக்கும் பயணங்களுக்கும் பணம் வாங்காமல் விட்டவர்களும் உண்டு. நட்டம் வருமென்று முதலில் முணுமுணுக்கக்கூடியவர்கள் இவர்களே என்பதை நினைத்தால், அவர் பெற்ற நம்பிக்கை எவ்வளவென்பது விளங்கும். தந்தி எட்டாத உள்ளூர்களுக்குக் குதிரையில் ஆளனுப்பிச் சனங்களை எச்சரிக்கும் ஒழுங்கும் செய்யப்பட்டது.

நாளடைவில் சூறாவளிப் பிதா என்றே அவரை அழைக்கலானார்கள். கப்பற் தலைவர்கள் தங்கள் இடத்திலிருந்தே புயலின் நடுவைக் கணிக்க உதவும் வட்டவடிவமான ஒரு கருவியையும் அமைத்துக் கொடுத்தார். ஆண்டின் எந்த மாதத்தில் சூறாவளி எந்த அகலக்கோட்டுக்கு அண்மையில் வடக்கே வளைந்து திரும்பும் என்பதையும் வகுத்தார்: யூனிலும் ஒக்ரோபரிலும் தெற்கே, கியூபாவுக்கு அண்மையில், ஒகஸ்டில் வெகு வடக்கே. இந்தப் பிந்திய விதி எப்போதும் தப்பாமற் பலிப்பதல்ல. சூறாவளி அட்டவணை பார்த்து நடப்பதில்லை. அவரும் அதை அன்றாட அவதானிப்போடு சேர்த்தே பயன்படுத்தினார்.

1893இல் ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரில் உலகப் பொருட்காட்சியையொட்டி வானிலை அறிஞர் மகாநாடு கூடவிருந்தது. அதற்காகத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியைத் திரட்டி ஒரு நூலாக எழுதினார். அதை முடித்த சில நாட்களுக்குள், யூலை 23ஆம் திகதி, ஹவானாவில் இறைவனடி சேர்ந்தார். வயது ஐம்பத்தைந்து.

இதன்பின் நடந்ததையும் நீங்கள் அறியவேண்டும். 1898இல் ஐக்கிய அமெரிக்காவின் வானிலைப் பணிமனை அந்தக் கடைசி நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டது. அதே ஆண்டு ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டு, கியூபா அமெரிக்கப் படையின் ஆட்சிக்குள் வந்தது. ஹவானாவில் அமெரிக்கர் தங்கள் சொந்த வானிலை நிலையத்தை வைத்தார்கள். கியூபாவின் அவதானிகள் வீணாகப் பீதியைக் கிளப்புகிறார்கள் என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. 1900ஆம் ஆண்டு ஒகஸ்ட் இறுதியில், சூறாவளிக் காலத்தின் உச்சத்தில், கியூபாவிலிருந்து மற்றவர்கள் வானிலைத் தந்தி அனுப்புவதற்குத் தடை போடப்பட்டது. நூலை மொழிபெயர்த்தவர்களே, நூலாசிரியரின் மாணாக்கர்களுடைய வாயைக் கட்டினார்கள்.

செப்ரெம்பர் முதல் வாரத்தில் ஒரு புயல் கியூபாவைக் கடந்தது. அது வடக்கே வளைந்து அத்திலாந்திக் கரையோரமாகப் போகுமென்று அமெரிக்கப் பணிமனை நம்பிற்று. வின்யேஸ் அடிகளுக்குப்பின் பெலேன் நிலையத்தை நடத்திய வண. பிதா லொறென்சோ கங்கொயித்தி, அது பலத்துக்கொண்டு மெக்சிக்கோ விரிகுடா வழியாக மேற்கே ரெக்சாஸ் நோக்கிப் போகிறதென்று கணித்தார். 8ஆம் திகதி அது ரெக்சாஸ் கரையிலுள்ள கல்வெஸ்ரன் தீவு நகரைக் கடல்நீரில் மூழ்கடித்தது. ஆறாயிரம் பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். எண்ணாயிரம் என்பாரும் உண்டு. ஹவானாவின் தந்தி போயிருந்தால் அத்தனை பேரும் தப்பியிருப்பார்களென்று நான் சொல்லமாட்டேன். முந்திய நாளே கொடியேற்றப்பட்டும் நகரத்தார் அலையை வேடிக்கை பார்க்கக் கரைக்குப் போனார்கள். ஆனால் இரண்டு மூன்று நாட்கள் முந்தி அறிந்திருந்தால் படகுகளுக்கும் புகையிரதங்களுக்கும் நேரம் இருந்திருக்கும்.

அந்நகரின் கடற்கரையோரம் மனித அவதாரமான திருவார்த்தையின் பிறரன்புக் கன்னியர் நடத்திய புனித மரியாள் அநாதைச்சாலை இருந்தது. அன்று மாலை நீர் ஏறியபோது பத்துக் கன்னியர் தொண்ணூற்று மூன்று பிள்ளைகளைக் கூட்டி, அலைகளின் அரசியான மரியாயை நோக்கிய ஒரு கீதத்தைப் பாடுவித்தார்கள். பின்பு உடுப்புக் காயப்போடும் கயிற்றை வெட்டி, சிறுபிள்ளைகளைத் தங்கள் இடுப்போடு கட்டிக்கொண்டார்கள். கன்னியர் பதின்மரும் தொண்ணூறு பிள்ளைகளும் மாண்டார்கள். மிதந்த மரமொன்றைப் பற்றிக்கொண்ட மூன்று பையன்கள் மாத்திரமே பிழைத்தார்கள். கரையொதுங்கிய கன்னியரின் இடுப்பிலே கயிறும் பிள்ளைகளும் கட்டியபடியே இருந்தன.

கியூபாத் தந்திகளின்மேல் இருந்த தடை அதன்பிறகு நீக்கப்பட்டது.