சாஸ்திரியின் கையொப்பமும் ஹட்டன் ரயில் நிலையமும்

ஹட்டன் நகரில் எங்கள் வாப்பாவுக்குச் சிறியதொரு பலசரக்குக் கடை இருந்தது. எழுபதுகளில் அவரது கடன் கொப்பியில் தோட்டக் குடும்பங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டன. கடனைத் தீர்த்துவிட்டு, தலைமன்னார் வழியாக இந்தியா செல்லப் புறப்பட்டவர்கள் ரயில் நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுததைச் சிறுவனாகப் பார்த்து நின்றேன். அவர்களின் பயணத்தைத் தீர்மானித்த இருவரில் ஒருவர் லால் பகதூர் சாஸ்திரி.

1904 ஒக்டோபர் 2ஆம் திகதி முகல்சராயில் பிறந்த அவர், இரண்டு வயது நிரம்பும் முன்பே தந்தையை இழந்தார். சாஸ்திரி என்பது அவரது குலப்பெயர் அல்ல, காசி வித்யாபீடத்தில் பெற்ற பட்டம். விடுதலைப் போராட்டத்தில் பல ஆண்டுகள் சிறையில் இருந்தார். 1956இல் தமிழகத்தின் அரியலூரில் நடந்த ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் பதவியைத் துறந்தார்.

1964 மே 27இல் நேரு காலமானார். ஜூன் 9இல் சாஸ்திரி பிரதமரானார். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான மலையக மக்கள் இலங்கையின் பொறுப்பு, விருப்பமில்லாதவர்களை இந்தியா ஏற்காது என்பதே நேருவின் நிலைப்பாடு. ஆனால் 1962 சீனப் போருக்குப் பின்னர் அயல்நாடுகளின் நட்பு புதுடில்லிக்கு அவசரத் தேவையாகியிருந்தது.

சாஸ்திரி பதவியேற்று ஐந்து மாதங்களுக்குள், ஒக்டோபர் 30ஆம் திகதி, சிறிமாவோ பண்டாரநாயக்கவுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பிற்போடப்பட்டு, 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. கொழுந்து பறித்தவர்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை.

1965இல் பாகிஸ்தானுடன் போர் மூண்டது. தாஷ்கண்டில் சமாதான உடன்படிக்கையில் ஒப்பமிட்ட மறுநாள், 1966 ஜனவரி 11இல், சாஸ்திரி காலமானார். ஹட்டன் நிலையத்தின் கண்ணீரை அவர் காணவில்லை. இங்கு எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

சாஸ்திரி நேர்மையானவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதுவே என்னை இன்றுவரை உறுத்துகிறது. வல்லரசொன்றில் ஆட்சி மாறும்போதெல்லாம், வருபவர் நல்லவரா என்றே விவாதிக்கிறோம். யாரைப் பற்றி முடிவெடுக்கப்படுகிறதோ, அவர்களுக்கு அந்த மேசையில் ஓர் ஆசனம் உண்டா என்றும் கேட்க வேண்டும். வாப்பாவின் கொப்பியில் வெட்டப்பட்ட பெயர்கள் எனக்குக் கற்பித்த கேள்வி அது.