மார்க்கோனியும் இருவழிக் கம்பியில்லாத் தந்தியும்

ஊவாத் தோட்டங்களிற் பிரட்டுத் தப்பு முழங்கிய காலத்தில், அதனை அடித்தவன் செவியில் எதிர்மலைக் கூவல் விழுந்திராது. தன் தப்பொலியே தன் காதை அடைத்துவிடும். கம்பியில்லாத் தந்தியின் தந்தையெனப் போற்றப்படும் குலியெல்மோ மார்க்கோனியை வருத்திய இடர்களுள் ஒன்று இத்தகையதே.

அவர் 1874ஆம் ஆண்டு சித்திரை மாதம் 25ஆந் திகதி இத்தாலியின் பொலோஞா நகரிற் பிறந்தார். தந்தையார் இத்தாலிய நிலக்கிழார்; தாயார் அயர்லாந்துப் பெண்மணி. பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெற்றாரல்லர். 1895இல் தந்தையாரின் மாளிகையிலிருந்து அவர் விடுத்த அலை குன்றொன்றைத் தாண்டிச் சென்றது. மறுபுறங் காத்திருந்த தமையனார் துப்பாக்கி வேட்டினால் அதனை அறிவித்தார். மலைநாட்டவராகிய நமக்கு இனிக்கும் காட்சி இது! 1901 மார்கழியில் ஓர் எழுத்து அத்திலாந்திக்கைக் கடந்ததும், 1909இல் நோபெல் பரிசை அவர் பிரவுன் என்பாருடன் பகிர்ந்துகொண்டதும் மாணவர் அறிந்தவையே.

அதிகம் பேசப்படாதது பின்னர் நிகழ்ந்தது. 1907இல் அயர்லாந்தின் கிளிவ்டனுக்கும் கனடாவின் கிளேஸ் பேக்கும் இடையே வணிகத் தந்தி தொடங்கிற்று. ஆயின் ஒரு நிலையம் அனுப்புங்கால் மற்றையது வாளாவிருந்து கேட்டல் வேண்டும். கடல் கடந்து வரும் அலை மிக நொய்யது; அருகே முழங்கும் சொந்தச் செலுத்தியின் அலை அதனை மூழ்கடித்துவிடும். கடலடிக் கம்பியோ ஒரே வேளையில் இருபுறமும் செய்தி சுமந்தது. அதனோடு போட்டியிடுவது எங்ஙனம்?

மார்க்கோனி செலுத்தியையும் வாங்கியையும் வெவ்வேறு ஊர்களில் வைத்தார். 1913இல் லெற்றர்பிறாக்கிலும் லூயிஸ்பேர்க்கிலும் கேட்பதற்கென்றே தனி நிலையங்கள் எழுந்தன. அங்கே நெடிய ஏரியலை, அண்மைச் செலுத்தியின் அலையைக் குறைவாகப் பற்றுமாறு திசைபார்த்து அமைத்தனர். எஞ்சியதைத் தொலைக்க இரண்டாம் ஏரியலொன்றும் கையாளப்பட்டது. அது பற்றிய சொந்த அலையைத் தலைகீழாக்கி முதலாவதோடு கூட்ட, இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். தூரத்துச் செய்தி மாத்திரம் தங்கும். என் மதிப்பில் 1901ஆம் ஆண்டின் அருஞ்செயலினும் இது நுண்ணியது.

2010இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் ஒரே மீடிறனிற் பேசவும் கேட்கவும் வல்ல கருவியைச் செய்துகாட்டியபோதும் கழித்தலே அடிப்படையாயிற்று. அங்கே இரண்டு ஊர்களுக்கு இடமில்லை. வைபைக் கருவியொன்றின் சொந்த அலை, அது கேட்க முயலும் மிக நொய்ய அலையிலும் ஏறத்தாழப் பத்தாயிரங் கோடி மடங்கு வலியது. ஆதலால் ஏரியல்களின் நிலையாற் சிறிதும், மின்சுற்றாற் சிறிதும், இலக்கக் கணிப்பாற் சிறிதுமாகக் கழித்தனர்.

கிளிவ்டன் நிலையம் 1922இல் அயர்லாந்து உள்நாட்டுப் போரில் தாக்குண்டு மூடப்பட்டது. மறு ஆண்டில் மார்க்கோனி முசோலினியின் பாசிசக் கட்சியிற் சேர்ந்தார். அவர் வாழ்வில் அது கறையே. 1937 ஆடி 20ஆந் திகதி உரோமையிற் காலமானார். மறுநாள் மாலை பிரித்தானிய வானொலி நிலையங்கள் இரண்டு நிமிட நேரம் தம் செலுத்திகளை நிறுத்தி வைத்தன.