தாயைக் காத்த துறவி

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம், கொலையே ஆட்சியாகிய காலத்தில் அகப்பட்ட ஒரு குடும்பத்தின் வரலாற்றையும் அறிந்திருத்தல் நன்று. இலங்கைக் கண்டியில் வாழ்ந்து மறைந்த ஞானபோனிக தேரர் புத்த நெறியினர். பிறப்பால் ஜெர்மானிய யூதர்.

ஜெர்மனியின் ஹனாவ் நகரில் 21.7.1901 அன்று ஐசக், சோபி தம்பதியருக்கு ஒரே மகனாகப் பிறந்தார். சீக்மண்ட் ஃபெனிகர் என்பது இயற்பெயர். தந்தையார் காலணிக் கடை நடத்தினார். இளமையில் கற்ற நூல்கள் மகனைப் புத்தர்பால் ஈர்த்தன. 1932இல் தந்தையார் காலமானார். மறு ஆண்டே ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர்கள் பதவிகளை இழந்தனர். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையையும் இழந்தனர். அவ்வாண்டின் இறுதியில் தாயாரை வியன்னாவிலிருந்த உறவினரிடம் சேர்த்த மகன், 1936இல் இலங்கை வந்து ஞானதிலோக தேரரிடம் துறவு பூண்டார்.

1938 மார்ச்சில் ஆஸ்திரியாவும் ஹிட்லர் வசமாயிற்று. சுற்றத்தைத் துறந்தவர் இனி என் செய்வார்? பற்று வேறு, அருள் வேறு என்பதை நாம் அறிவோம். அவர் வாளாவிருக்கவில்லை. அவருடைய முயற்சியால் 1939இல் தாயாரும் உறவினர் சிலரும் இலங்கை வந்தடைந்தனர். சர் எர்னெஸ்ட் டி சில்வா குடும்பத்தார் தாயாருக்குப் புகலிடம் தந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் போர் மூண்டது. பின்னர் ஆஸ்திரிய யூதர்களில் ஏறத்தாழ 65,000 பேரும், ஐரோப்பா முழுவதும் ஏறத்தாழ 60 இலட்சம் பேரும் கொல்லப்பட்டனர்.

தாயைக் காத்த மகனுக்கோ சிறை வாய்த்தது. ஹிட்லருக்கு அவர் யூதர். ஆங்கிலேயருக்கு அவர் பகை நாட்டு ஜெர்மானியர். முதலில் தியத்தலாவையிலும், 1942 முதல் இமயமலை அடிவாரத்து டேராடூன் முகாமிலும் அடைக்கப்பட்டார். அங்கும் கல்வியையும் தியானத்தையும் கைவிடாது, சுத்த நிபாதம் முதலிய பாலி நூல்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். 1946இல் விடுதலை பெற்றார்.

தாயார் மகன் வழியே ஐந்து சீலங்களை ஏற்று, நோன்பு நாள்களில் எட்டுச் சீலங்களைக் காத்து, 1956இல் கொழும்பில் அமைதியாக மறைந்தார். தம் இனத்தார் எண்ணற்றோருக்குக் கிட்டாத இறுதி அது.

1951இல் இலங்கைக் குடியுரிமை பெற்ற தேரர், 1958இல் அன்பர்களுடன் கண்டியில் பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தை நிறுவி, பல்லாண்டுகள் அதன் நூல்களைப் பதிப்பித்தார்.

நம் முனிவர்கள் சாதுர்மாசியம் காப்பது போன்றே புத்தத் துறவியரும் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்குவர். அத்தகைய 58ஆம் மழைக்காலத் தங்கலின் இறுதி நாளாகிய 19.10.1994 அன்று, தம் 93ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார். தம் குடும்பத்தை வேரோடு அழிக்க முனைந்த வெறுப்பைத் தம் உள்ளத்தில் ஏற்றுக்கொள்ளாமலே வாழ்ந்த அப்பெரியவரை நாமும் நினைவில் கொள்வோமாக.