ஷோகன் பேணிய தொட்டிப் பைன்

நெல்லை விதைத்தால் நான்கு மாதத்தில் பலன். தென்னை வைத்தால் ஐந்தாறு ஆண்டில் காய். ஆனால், பேணி வளர்த்தவர் இறந்து 370 ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு தொட்டியில் உயிரோடு நிற்கும் மரம் ஒன்று ஜப்பானில் உண்டு. அதைப் பேணியவர் டோக்குகாவா இயெமிட்சு. அந்த நாட்டை ஆண்ட மூன்றாவது ஷோகன்.

இயெமிட்சு பிறந்தது 1604-ல். தாத்தா இயெயாசு, டோக்குகாவா ஆட்சியை நிறுவியவர். பெற்றோருக்குத் தம்பி மீதே பிரியம் அதிகம். செவிலித்தாய் கசுகாவின் முயற்சியால்தான் வாரிசுரிமை இவருக்குக் கிடைத்தது என்பார்கள். 1623-ல் ஷோகன் ஆனார். குறுநில மன்னர்கள் ஓராண்டு விட்டு ஓராண்டு எடோ நகரில் வந்து தங்க வேண்டும் என்று 1635-ல் சட்டம் போட்டார்.

இத்தனை கண்டிப்பான ஆட்சியாளருக்குத் தொட்டி மரங்கள் மீது தீராத ஆசை. அந்த ஆசையைக் கண்டு பொறுக்காத ஒகுபோ என்ற முதிய வீரர், அவர் கண் முன்பே அருமையான ஒரு மரத்தைத் தூக்கித் தோட்டத்தில் எறிந்தாராம். நாட்டைக் கவனிக்காமல் செடியைக் கவனிப்பதா என்பது அவரது கோபம். கதை உண்மையோ இல்லையோ, கேள்வி நியாயமானது.

ஏனென்றால், அந்தக் காலத்தில் உழவர் நிலை மோசம். கடும் வரியும் மத அடக்குமுறையும் தாங்காமல் 1637-ல் ஷிமாபாராவில் உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர். ஷோகனின் படை அதை மறு ஆண்டு இரத்தத்தில் அடக்கியது. அடுத்து மாடுகளைக் கொள்ளைநோய் அழித்தது. குளிரிலும் வெள்ளத்திலும் பயிர் போய், 1640 முதல் 1643 வரை பெரும் பஞ்சம். உழவன் இல்லாமல் கோட்டை நிற்காது என்பது அப்போதுதான் உறைத்தது. சாராயம் காய்ச்சக் கட்டுப்பாடு, வயலில் புகையிலை நடத் தடை எனச் சட்டங்கள் வந்தன. 1643-ல் விளைநிலத்தை நிரந்தரமாக விற்கவும் தடை வந்தது. வரி வருமானத்தைக் காப்பதும் இதன் நோக்கம்தான். ஆனாலும் அந்தத் தடை 1872 வரை நீடித்தது. இயெமிட்சு 1651-ல் இறந்தார்.

அவர் பெயரால் மூன்றாம் ஷோகனின் பைன் என்று அழைக்கப்படும் மரம், இன்று டோக்கியோ அரண்மனைச் சேகரிப்பில் இருக்கிறது. பழைய எடோ கோட்டை இருந்த இடமும் அதுவே. மரத்தின் வயது 500-க்கு மேல் என்று மதிக்கிறார்கள்.

இது ஒரு கொத்தில் ஐந்து ஊசியிலை விடும் வெள்ளைப் பைன். இளங்கன்றிலிருந்து வளர்க்கும் முறையைப் பாருங்கள். தண்ணீர் தேங்காத சரளை கலந்த மண் வேண்டும். மேல்மண் காயத் தொடங்கிய பிறகே நீர் விட வேண்டும். வீட்டுக்குள் வைக்காமல் வெயில் படும் வெளியிடத்தில் வையுங்கள். வசந்தத்தில் மெழுகுவத்தி போல நீளும் தளிரை, இலை விரியும் முன் விரலால் பாதி கிள்ளுங்கள். கத்தரியால் வெட்டினால் இலை நுனி கருகும். உரத்தை வசந்தத்தில் குறைத்து, இலையுதிர் காலத்தில் கூட்டிக் கொடுங்கள். கம்பி சுற்றிக் கிளையை வளைக்க ஏற்றது குளிர்காலம். பட்டையில் கம்பி பதியும் முன் வெட்டி எடுத்துவிடுங்கள்.

இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, மொட்டு அசையும் முன் தொட்டி மாற்றலாம். வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. பழைய மண்ணை முழுதும் கழுவவும் கூடாது. வேரோடு ஒட்டிய வெள்ளைப் பூஞ்சை மரத்துக்கு நன்மை செய்வது. குளிர்காலம் இல்லாத ஊரில் இந்தப் பைன் நிலைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தொட்டி மரத்துக்கு விடுமுறை கிடையாது. கோடையில் ஓரிரு நாள் நீர் தவறினாலே போய்விடும். ஷோகன் ஆட்சி 1868-ல் முடிந்தது. ஆட்சி மாறிய பின்னும் யாரோ ஒருவர் அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். அவர்கள் பெயரெல்லாம் நமக்குத் தெரியாது. மரம் நிற்பது அவர்களால்தான்.