பாலம் அருகே முடிந்த பயணம்: மோகன் குமாரமங்கலம்

புது தில்லி: சென்னையிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737 விமானம், 1973 மே 31-ம் தேதி இரவு, பாலம் விமான நிலையத்தில் தரையிறங்க முயன்றபோது உயரழுத்த மின்கம்பிகளில் மோதி நொறுங்கியது. புழுதிப் புயலால் ஓடுபாதை புலப்படவில்லை. விமானத்தில் இருந்த 65 பேரில் 48 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் மத்திய உருக்கு, சுரங்கத் துறை அமைச்சர் மோகன் குமாரமங்கலம். வயது 56. அதே இந்தியன் ஏர்லைன்ஸின் தலைவராக அவர் முன்னர் பதவி வகித்தவர் என்பதை விதியின் விளையாட்டு என்றே சொல்லத் தோன்றுகிறது.

சென்னை மாகாண முதல்வராயிருந்த டாக்டர் சுப்பராயனின் மகனாக 1916-ல் லண்டனில் பிறந்தவர். ராணுவத் தலைமைத் தளபதியாக விளங்கிய ஜெனரல் குமாரமங்கலம் இவரது அண்ணன். கம்யூனிஸ்ட் தலைவர் பார்வதி கிருஷ்ணன் சகோதரி. ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்ற இந்த ஜமீன் வாரிசு, நாடு திரும்பியதும் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து, சென்னை சதி வழக்கில் பி. ராமமூர்த்தியுடன் சிறை சென்றார்.

வழக்கறிஞராகப் புகழ்பெற்று, 1966-ல் சென்னை மாநில அட்வகேட் ஜெனரலானார். பின்னர் காங்கிரஸில் இணைந்து 1971-ல் புதுச்சேரியிலிருந்து மக்களவைக்குத் தேர்வானார். இரண்டே ஆண்டுகள்தான் அமைச்சர். அதற்குள் நிலக்கரிச் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 1973 ஜனவரியில் இந்திய உருக்கு ஆணையமும் உருவானது. தேசியமயச் சட்டம் 2018-ல் நீக்கப்பட்டுவிட்டாலும், நிலக்கரி உற்பத்தியில் பெரும்பங்கு இன்றும் பொதுத் துறையினுடையதே.

ஆயினும் அவர் பெயர் இன்றளவும் சர்ச்சைக்குள்ளாவது வேறொரு விஷயத்துக்காக. காசர்கோடு எடநீர் மடாதிபதி கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கில், அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற இயலாது என 1973 ஏப்ரல் 24-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனடியாக, ஷெலத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூன்று மூத்த நீதிபதிகளை விடுத்து ஏ.என். ரே தலைமை நீதிபதியாக்கப்பட்டார். மூவரும் பதவி விலகினர். நாடாளுமன்றத்தில் இந்நியமனத்துக்காக உரத்து வாதாடியவர், சட்ட அமைச்சரல்லாத குமாரமங்கலமே. அவரது சட்டப் புலமையை மெச்சுவோரும் இதை ஏற்பதில்லை. நீதித்துறையின் சுதந்திரத்துக்கு நேர்ந்த ஊறு என்றே கருதுகின்றனர்.

அந்த விவாதம் ஓயுமுன்பே விபத்து நேர்ந்தது. ஓடுபாதையைக் காணாமலே, குறைந்தபட்ச உயர வரம்புக்கும் கீழே விமானத்தை விமானி இறக்கியதே காரணம் என விசாரணையில் தெரியவந்தது. பஞ்சாப் முன்னாள் முதல்வர் குர்ணாம் சிங்கும் அவ்விபத்தில் மாண்டார். உயிர்தப்பியவர்கள் 17 பேர்.