ஜூல் போர்தே

கள்ளக்குறிச்சியினின்று கச்சிராயபாளையம் வழியாய்க் கல்வராயன் மலைமீதேறி வெள்ளிமலையை அடைவோர், வளைந்து வளைந்து செல்லும் அம்மலைப்பாதையின் அருமையை நன்கறிவர். பிறந்து ஒரு திங்களேயான குழவியொன்று மூச்சு நின்று நின்று நீலம் பாயுமாயின், அதனை மார்போடணைத்து அப்பாதையில் இறங்கும் தாய்க்கு ஒவ்வொரு வளைவும் ஒரு யுகமாகும். கக்குவான் இருமல் இளங்குழவிகளைப் பற்றுங்கால் இவ்வாறே செய்யும். அந்நோயின் கிருமியை வளர்த்துக் காட்டிய பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரைவோம்.

ஜூல் போர்தே பெல்ஜிய நாட்டுச் சுவாஞி என்னும் சிற்றூரில் 1870ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பள்ளியாசிரியர். போர்தே பிரஸ்ஸெல்ஸ் நகரில் பயின்று 1892இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1894இல் பாரிஸ் சென்று பாஸ்டர் நிலையத்தில் மெச்னிகாப் என்னும் ருஷிய அறிஞரிடம் சேர்ந்தார். ஆசிரியரோ உடலைக் காப்பன கிருமிகளை விழுங்கும் உயிரணுக்களே என்று சாதித்து வந்தவர். மாணவரோ குருதியின் தெளிநீரில் இருவகைப் பொருள்கள் கூடிக் கிருமியைக் கொல்வதைக் கண்டார். ஆசிரியர் கொள்கைக்கு அத்துணை இணங்காத அவ்வாராய்ச்சி ஆசிரியர் கூடத்திலேயே நடந்தேறியது நமக்கு வியப்பளிக்கின்றது.

1901இல் தாய்நாடு மீண்டு, பிரஸ்ஸெல்ஸில் புதிதாய் நிறுவப்பெற்ற ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரானார். கக்குவான் நோயுற்ற குழந்தையின் சளியில் மிகச் சிறிய கிருமியொன்றை அவர் முன்னரே கண்டிருந்தார். ஆயினும் அது வழக்கமான ஊட்டுப்பொருள்களில் வளர மறுத்தது. வளர்க்க இயலாத கிருமியைக் குற்றவாளியென்று எங்ஙனம் மெய்ப்பிப்பது? போர்தேயும் அவர் மைத்துனர் ஒக்தாவ் ஜாங்குவும் உருளைக்கிழங்குச் சாற்றோடு கிளிசரினும் மிகுதியான இரத்தமும் கூட்டிப் புதியதோர் ஊட்டுப்பொருள் சமைத்தனர். 1906இல் கிருமி அதில் தழைத்தது. நோய் நீங்கிய குழந்தைகளின் குருதித் தெளிநீர் இக்கிருமியை இனங்கண்டு கொள்வதையும் காட்டினர். அதனுள் அடங்கிய நஞ்சையும் பின்னர் ஆராய்ந்தனர்.

அந்நஞ்சே இந்நோயின் மர்மம். கிருமி மூச்சுக்குழலின் மென்மயிர்களைப் பற்றிக்கொண்டு ஆங்கேயே தங்கும். அதன் நஞ்சுகளோ உடலெங்கும் தொழிற்படும். பெரிய குழந்தை இருமி இருமிக் கூவி மூச்சிழுக்கும். மூன்று திங்களுக்குட்பட்ட குழவி பெரும்பாலும் கூவுவதில்லை. ஓசையின்றி மூச்சை நிறுத்திவிடும். ஆதலின் அதனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து இரவும் பகலும் கண்காணித்தல் வேண்டும். அடிக்கடி தொட்டுத் தூக்கின் இருமல் கிளர்ந்தெழும். எனவே செவிலியர் இயன்றவரை தொடாது காப்பர். பிராணவாயு தருவர், சளியை மெல்ல உறிஞ்சி எடுப்பர், மூக்குக் குழாய் வழியே பாலூட்டுவர். மூச்சு ஓய்ந்தால் சுவாசக் கருவியில் இணைப்பர். அசித்ரோமைசின் முதலிய மருந்துகள் கிருமியைக் கொல்லும், பிறர்க்குப் பரவாது தடுக்கும். இருமல் முற்றியபின் ஈந்தால் அதன் நாட்களைக் குறைப்பதில்லை. நஞ்சு முன்னரே தன் வேலையை முடித்திருக்கும். சில குழவிகளின் வெள்ளணுக்கள் கன மில்லிமீட்டருக்கு ஒரு லட்சத்தையும் கடந்து நுரையீரலின் நுண்குழாய்களை அடைக்கும். அந்நிலையில் குருதியை மாற்றிச் செலுத்திப் பார்ப்பதுண்டு. அப்பொழுதும் எல்லா உயிர்களையும் மீட்க முடிவதில்லை.

போர்தேக்கு 1919ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு 1920இல் வழங்கப்பெற்றது. அது நோயெதிர்ப்பாற்றல் பற்றிய ஆராய்ச்சிக்காக. கக்குவான் கிருமிக்காக அன்று. 1940இல் நிலையத்தின் பொறுப்பைத் தம் மகன் பாலிடம் ஒப்புவித்தார். 1952இல் அக்கிருமியின் குலத்திற்குப் போர்தெட்டெல்லா என்று பெயரிட்டனர். தம் பெயர் ஒரு கொடிய கிருமிக்கு இடப்பெற்றதைக் கண்டபின்னும் அவர் ஒன்பதாண்டுகள் வாழ்ந்து, 1961 ஏப்ரல் 6ஆம் நாள் மறைந்தார்.

அக்கிருமியைக் கொன்றே அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் பேர்ல் கென்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்னும் இரு மாதர் 1930களில் பயன்தரும் தடுப்பு மருந்தொன்றை ஆக்கினர். நம் குன்னூர்ப் பாஸ்டர் நிலையமும் முத்தடுப்பு மருந்து செய்ததுண்டு. 2011 இறுதியில் தமிழ்நாட்டில் ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசி வந்தது. கள்ளக்குறிச்சியில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பெற்றது. ஆயினும் முதல் ஊசி ஆறாம் வாரத்தில்தான். அதற்குமுன் வீட்டார் ஒருவரின் இருமலே குழவியைத் தாக்கக்கூடும். இக்கருத்தால் 2012இல் இங்கிலாந்தில் கருவுற்ற தாய்மார்க்கே ஊசியிடத் தொடங்கினர். தாயின் குருதியிலுள்ள காப்புப்பொருள், ஊசிக்கு வயது வாராத சேயின் குருதியில் பிறக்குமுன்னரே சென்று சேர்கின்றது.